கத்திரிப்பூ நிறத்தில் ஒரு மேடை

புடவைக் கடையில் வேறு யாரும் செய்யாத ஒன்றை அவர் செய்வார். மனதுக்குப் பிடித்த புடவையை விற்பனைப் பெண்ணின் கையிலிருந்து வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, விறுவிறுவென்று வாசலைத் தாண்டித் தெருவுக்கே வந்துவிடுவார். மேற்குத் தாம்பரம் கடைத்தெருவின் பகல் நேரத்து நெரிசல் தெரிந்ததுதான். அதற்கு நடுவில், கொய்யாப்பழ வண்டிக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் இடையில் நின்றுகொண்டு, முந்தானையை விரித்து வெயிலில் காட்டிப் பார்ப்பார். கடைக் காவலாளி பின்னாலேயே ஓடி வருவான்.

"இன்னாமா இது? பில்லு போடாம எட்த்துகினு போறியே!"

"எங்கயும் போகலைப்பா. உங்க கடை ட்யூப் லைட்டை நான் நம்ப மாட்டேன். இந்த முழங்காலை வெச்சுக்கிட்டு நான் ஓடினாலும் நீ பிடிச்சுடுவே. பயப்படாதே."

வெயிலில் தேறிய புடவைதான் வாங்கப்படும். தேறாதது தோளிலிருந்து நேரே காவலாளியின் கைக்குப் போகும். அவனே உள்ளே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியதுதான்.

அவர் எங்கள் ஹவுஸ் ஓனர். சிட்லபாக்கத்தில் ஏரிக்குப் போகும் வழியில் ஒரு தெரு. கீழே அவர், அவர் கணவர், ஒரே மகள். மாடியில் நாங்கள். திண்டிவனத்தில் கல்யாணம் முடித்து, மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்த கணவரோடு நான் அங்கே குடிவந்தது இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில். அந்தப் பக்கத்துப் பழக்கப்படி நானும் அவரை 'ஆன்ட்டி' என்றே கூப்பிட்டேன்.

குடிவந்த முதல் வாரம், பெட்டியில் மடிந்து கிடந்த என் கல்யாணப் புடவைகளை மொட்டைமாடியில் காற்றாடப் போட்டிருந்தேன். தண்ணீர்த் தொட்டி நிரம்பிவிட்டதா என்று பார்க்க மேலே வந்தவர் தொட்டியை மறந்துவிட்டார். கொடியில் கிடந்த ஒவ்வொரு புடவையின் முன்பும் நின்றார். கடைசிப் புடவை நல்ல பளீரென்ற ஆரஞ்சு.

"இது யார் எடுத்தது?"

"என் மாமியார்."

"அவங்களுக்கு உன் மேல ஏதாவது கோவமா?"

எனக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

"இந்தக் கலர் உன்னை முழுங்கிடும். நீ ஒரு வீட்டுக்குப் போனேன்னு வை, முதல்ல புடவை உள்ள போகும். பின்னாடி மெதுவா நீ போவே. இதை யாருக்காவது குடுத்துடு."

கொடுத்துவிட்டேன். மாமியாருக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது வேறு கதை.

'தெரியவில்லை' என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. எந்த பஸ் அனகாபுத்தூர் போகும், எந்த டாக்டர் நல்ல டாக்டர், யார் வீட்டுப் பையன் எங்கே வேலை பார்க்கிறான், எல்லாவற்றுக்கும் ஒரு பதில் தயாராக இருக்கும். சில சமயம் தப்பாகவும் இருக்கும். ஆனால் நிறத்தில் மட்டும் அவர் தவறியதில்லை. அதனால் எங்கள் தெருவிலும் அடுத்த தெருக்களிலும் யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும், துணியெடுக்கும் நாளில் வேனில் ஓர் இடம் அவருக்கு என்று ஒதுக்கிவிடுவார்கள். போகும்போது ஜன்னலோர இருக்கை. வரும்போது மடியில் மல்லிகைப்பூவும் முகத்தில் ஜெயித்த களையும்.

எதிர்வீட்டு பாய் பல்லாவரத்தில் தார்ப்பாய்க் கடை வைத்திருந்தார். அவருடைய பெரிய பெண்ணுக்கு நிக்காஹ் நிச்சயமானபோது அந்த வீட்டம்மா வந்து எங்கள் ஆன்ட்டியிடம் அழாத குறையாகச் சொன்னார்.

"அக்கா, புடவை பச்சைதான்னு பொண்ணோட அத்தா ஒரே பிடிவாதம். எனக்குப் பச்சையைக் கண்டாலே ஆகாது. பொண்ணும் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கு. நீங்க வந்து ஏதாச்சும் சொல்லுங்க."

"பச்சைன்னுதானே சொன்னாரு? எந்தப் பச்சைன்னு சொல்லலையே."

போனார். கடையில் இருந்த கிளிப்பச்சை, ராமர் பச்சை, பாட்டில் பச்சை எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, வாழைக்குருத்து விரியும்போது ஒரு மஞ்சள் கலந்த பச்சை இருக்குமே, அதைத் தேடி எடுத்தார். ஓரத்தில் தங்கம். நிக்காஹ் அன்று அந்தப் பெண் உட்கார்ந்திருந்த இடத்தில் விளக்கு ஏற்றி வைத்ததுபோல் இருந்தது. "அவரும் ஜெயிச்சாரு, நானும் ஜெயிச்சேன்" என்று பாய் வீட்டம்மா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். ஆன்ட்டி பிரியாணி சாப்பிட மாட்டார். ஆனால் அன்று அந்தப் பந்தலில் கடைசி ஆள் போகும்வரை இருந்தார்.

அவர் மகள் அப்போது தரமணியில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அம்மாவின் நிழலில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இருக்கும் ஓர் அமைதி அவளுக்கு உண்டு. சின்ன வயதிலிருந்து அவள் உடுத்தியதெல்லாம் அம்மா எடுத்தது. யாராவது "உனக்கு என்ன கலர் பிடிக்கும்?" என்று கேட்டால், அவள் வாயைத் திறப்பதற்குள் அம்மா பதில் சொல்லிவிடுவார். அவளும் சிரித்துக்கொண்டே இருந்துவிடுவாள்.

ஆன்ட்டியிடம் புதிதாக முதலில் நான் கவனித்தது ஒரு கேள்வி. ஒரு ரவிக்கைத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு ஆன்ட்டி கேட்டார்: "இது என்ன கலர்னு நீ சொல்வே?"

"நீலம்."

"நீலத்துல என்ன நீலம்?"

"கறுப்புக்குப் பக்கத்துல இருக்கிற நீலம்."

"ம். பரவாயில்லை, உனக்கும் கண்ணு வந்துடுச்சு" என்றார். எனக்குப் பாடம் எடுக்கிறார் என்று நினைத்துப் பெருமைப்பட்டேன். அதற்குப் பிறகு அந்தக் கேள்வி அடிக்கடி வந்தது. காய்கறிக் கடையில், துணிக்கடையில், வாசலில் யாராவது போகும்போது. நான் சொல்வேன். அவர் தலையாட்டுவார்.

ஒரு மார்கழியில் அவர் வாசலில் போட்ட கோலத்தில் மயிலின் கழுத்து பச்சையாகவும் இலைகளெல்லாம் நீலமாகவும் இருந்தன. தெருப் பெண்கள் நின்று பார்த்தார்கள். "எல்லாரும் போடற மாதிரியே நானும் போடணுமா?" என்றார். அடுத்த தெருவில் ஒரு வளைகாப்புக்கு அவர் எடுத்துக் கொடுத்த புடவைக்கும் ரவிக்கைக்கும் சம்பந்தமே இல்லை. அந்தப் பெண்ணின் அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டதற்கு, "இப்ப இதுதான் பேஷன். டிவி பாக்கறதில்லையா நீங்க?" என்று அடக்கிவிட்டார். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று கட்டிக்கொண்டார்கள். அந்த வருஷம் இன்னும் இரண்டு பேர் அப்படிக் கட்டிக்கொண்டதாகக்கூடக் கேள்வி.

ஆனால் வெயிலில் நிற்கும் நேரம் கூடிக்கொண்டே போனது எனக்கு என்னவோபோல் இருந்தது. முன்பெல்லாம் ஒரு பார்வை, ஒரு தலையாட்டல், அவ்வளவுதான். இப்போது புடவையை முகத்துக்கு அருகே கொண்டுபோவார், தள்ளிப் பிடிப்பார், தலையைச் சாய்த்து ஓரக்கண்ணால் பார்ப்பார். ஒருமுறை அப்படி நின்றவர் பின்னாலேயே நகர்ந்து நடுச்சாலைக்குப் போய்விட்டார். ஒரு ஆட்டோ கிறீச்சென்று நின்றது.

"இன்னாமா, நட்டநடு ரோட்ல நின்னுகினு கீறே! கண்ணு தெர்ல?"

நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். ஆட்டோக்காரனைத் திருப்பித் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. வழி முழுவதும் என் கையை விடாமல் வந்தார்.

மகளுக்கு இரண்டு வரன்கள் நிச்சயம்வரை வந்து தட்டிப்போயிருந்தன. மூன்றாவதாக வந்த மாப்பிள்ளைக்கு அமெரிக்காவில் வேலை. நல்ல பையன். கல்யாணம் முடிந்த கையோடு பெண்ணும் அங்கே போவதாக ஏற்பாடு. முந்தின நாள் மாலை ரிசப்ஷன், மறுநாள் காலை முகூர்த்தம். முகூர்த்தப் புடவை மாப்பிள்ளை வீட்டார் எடுப்பது, அவர்கள் வழக்கப்படி சந்தன நிறம். ரிசப்ஷன் பெண் வீட்டார் பொறுப்பு. தெருவே காத்திருந்தது. ஊரார் வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் நிறம் எடுத்தவர், தன் மகளுக்கு என்ன எடுக்கப்போகிறார்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கீழே கூப்பிட்டார்கள். மகள் மடிக்கணினியைத் திறந்து வைத்திருந்தாள். பெங்களூரில் அவள் தோழியின் கல்யாணப் படங்கள்.

"பாருங்கக்கா. ஸ்டேஜ், சேர் மேல போடற துணி, பூ, இன்விடேஷன் கவர், பொண்ணோட புடவை, எல்லாமே ஒரே தீம். எனக்கு லாவண்டரும் சில்வரும் வேணும்."

"கத்திரிப்பூ கலரா?" என்றார் ஆன்ட்டி.

"கத்திரிப்பூ இல்லம்மா. லாவண்டர். அதைவிட லைட்டா இருக்கும்."

"வேண்டாம். சிவப்பு வை. மேடை சிவப்பு, உனக்கு அரக்குப் புடவை."

"மேடை சிவப்பா? கட்சி மீட்டிங் மாதிரி இருக்கும்மா."

நான் சிரித்துவிட்டேன். ஆன்ட்டி சிரிக்கவில்லை. "கத்திரிப்பூ உன்னை முழுங்கிடும். எங்க நிக்கறேன்னே தெரியாது" என்றார். அவர் குரலில் இருந்த வேகம் எனக்குப் புதிதாக இருந்தது. அவர் கணவர், எங்களுக்கு அங்கிள், தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார். அந்த வீட்டில் வாக்குவாதம் தொடங்கினால் அவர் செய்வது அதுதான்.

நாள் கணக்கில் இழுத்தது. சாப்பாட்டு நேரத்தில் தொடங்கும், பாதிச் சாப்பாட்டில் மகள் எழுந்துபோவாள். கீழே கதவு சாத்தப்படும் சத்தம் மாடிவரை கேட்கும். எதற்கும் எதிர்த்துப் பேசாத பெண் இதில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. அம்மாவும் விடவில்லை. "புடவையாவது சிவப்பு கட்டிக்கோ" என்று இறங்கி வந்து பார்த்தார். "அப்புறம் என்னம்மா தீம்?" என்று அவள் கேட்டாள். எனக்கு அவள் பக்கம்தான் நியாயம் என்று பட்டது.

அப்படியிருக்கும்போது ஒரு மாலை, நான் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். ஆன்ட்டி சுவரைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தார். கைப்பிடிச் சுவரருகே போய் நின்றார்.

"எதிர்ல அந்த வேப்பமரம் உனக்குத் தெரியுதா?"

"தெரியுது ஆன்ட்டி."

"எனக்கு மரம் தெரியலை. மரத்தைச் சுத்தி இருக்கிறதெல்லாம் தெரியுது."

எனக்கு முதலில் புரியவில்லை. அவர் என் பக்கம் திரும்பாமல் மெதுவாகச் சொல்லிக்கொண்டே போனார். சர்க்கரை பல வருஷமாக இருந்தது. அது கண்ணுக்கு வந்துவிட்டது. வெள்ளிக்கிழமைகளில் பல்லாவரம் சந்தைக்குப் போகிறேன் என்று கிளம்பி, கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். சந்தேகம் வரக் கூடாதென்று திரும்பும் வழியில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவோ ஒரு செடியோ வாங்கி வந்திருக்கிறார். நாங்கள் அந்தச் செடிகளைப் பார்த்து எவ்வளவு கேலி செய்திருப்போம்! லேசர் வைத்தார்கள். வலது கண்ணுக்குள் ரத்தம் கசிந்து அது போய்விட்டது. இடது கண்ணில் நடுவில் ஒரு கறை. அந்தக் கறையைச் சுற்றிக் கொஞ்சம் பார்வை. இருக்கிறதைக் காப்பாற்றலாம், போனது வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"நீலம், பச்சை, கத்திரிப்பூ எல்லாம் எனக்கு இப்ப ஒரே அழுக்குத் தண்ணி மாதிரி இருக்கு. சிவப்பு மட்டும்தான் இன்னும் சிவப்பா இருக்கு."

என் கையில் இருந்த துணிகளை அப்படியே வைத்துக்கொண்டு நின்றேன்.

"முகூர்த்தத்துல பக்கத்துல இருப்பேன். ஆனா புகை, சடங்கு, ஆயிரம் வேலை. எங்க நிமிர்ந்து பாக்கறது? ரிசப்ஷன்லதான் நான் சும்மா கீழ உக்காந்திருக்க முடியும். உக்காந்து அவளை ஆசை தீரப் பாக்கணும்னு நெனைச்சேன். சிவப்புல நின்னா எனக்குத் தெரிவா. அவ்வளவுதான்மா என் பிடிவாதம்."

"இதை அவகிட்டயே சொல்லிடுங்களேன் ஆன்ட்டி. நாளைக்கே சிவப்பு வெச்சுடுவா."

"சிவப்பு வெச்சுடுவா. அமெரிக்கா போக மாட்டா."

ஆன்ட்டி கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"மாப்பிள்ளை வீட்டுல தெரிஞ்சா, நாளைக்குப் பொண்ணுக்கும் வரும்னு ஒரு பேச்சு வரும். ரெண்டு தடவை தட்டிப்போனது போதாதா? அங்கிள்கிட்ட சொன்னா தெருவுக்கே சொன்ன மாதிரி. உன்கிட்ட மட்டும் சொல்றேன். நீ என்கூட இருக்கணும். அவ்வளவுதான்."

எங்கிருந்தோ அழுகை வந்தது எனக்கு. அவர் அழவில்லை. "துணியைக் கீழ போடாதே, மண்ணாயிடும்" என்றார்.

அடுத்த ஞாயிறு அலங்காரம் செய்பவர் வருவதாக இருந்தது. அதற்கு முன் ஏதாவது ஒன்று முடிவாக வேண்டும். மகள் அம்மாவின் எதிரில் வந்து உட்கார்ந்தாள். அவள் சத்தம் போடவில்லை.

"அம்மா, எல்லார் வீட்டுக் கல்யாணத்துக்கும் நீதான் கலர் எடுத்தே. நான் பொறந்ததுலேருந்து எனக்கும் நீதான் எடுத்தே. நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. என் கல்யாணத்துக்கு ஒரே ஒரு கலர் நான் எடுக்கக் கூடாதாம்மா?"

கடைசி வார்த்தைகளில் அவள் குரல் உடைந்துவிட்டது. ஆன்ட்டி அந்தக் குரல் வந்த திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாசலருகே நின்றிருந்தேன். எல்லாம் தெரிந்தும் எதுவும் சொல்ல முடியாமல் நிற்பது எப்படிப்பட்டது என்று அன்றுதான் தெரிந்தது.

"சரி. லாவண்டர்" என்றார் ஆன்ட்டி.

மகள் நம்ப முடியாமல் பார்த்தாள்.

"ஆனா நல்ல லாவண்டரா இருக்கணும். கண்ட கண்ட கலரை லாவண்டர்னு சொல்லித் தலையில கட்டிடுவானுங்க. அதை நான்தான் போய் எடுப்பேன்."

அவள் எழுந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். "நீ எடுத்தாத்தான்மா நல்லா இருக்கும்" என்றாள்.

அலங்காரம் செய்யும் ஆளின் கிடங்கு கீழ்க்கட்டளையில் இருந்தது. தகரக் கூரை போட்ட பெரிய கொட்டகை. ஒரு பக்கம் பிளாஸ்டிக் தூண்கள், மறுபக்கம் மேல்வரை அடுக்கிய துணிச் சுருள்கள். மகளுக்கு அன்று வேலை இருந்ததால் நாங்கள் இருவர் மட்டும் போனோம். போகும்போதே ஆட்டோவில் என்னிடம் சொல்லிவிட்டார்: "நான் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லு. நல்லா இருக்கு, நல்லா இல்லைன்னு நீயா எதுவும் சொல்லாதே."

அலங்காரம் செய்பவன் இளைஞன். காதில் செல்போனோடு, "அம்மா, லாவண்டர் இந்த வரிசைதான், பாத்துக்கினு இருங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போய்ப் பேச ஆரம்பித்தான். நான் ஒவ்வொரு துணியாக இழுத்து அவர் கையில் கொடுத்தேன். அவர் அதைப் பிடித்தபடி, தாழ்ந்த குரலில் கேட்டார்.

"ரோஸ் பக்கம் சாயுதா, நீலம் பக்கம் சாயுதா?"

"ரோஸ் பக்கம்."

"தள்ளு. அடுத்தது?"

"இது நீலம் பக்கம் கொஞ்சம்."

"கத்திரிப்பூ பாத்திருக்கே இல்ல? அன்னிக்குப் பூத்த மாதிரி இருக்கா, வாடி விழப்போற மாதிரி இருக்கா?"

யோசித்தேன். "வாடற மாதிரி."

"அப்ப சாம்பல் கலந்திருக்கு. மேடைக்குப் போட்டா துக்க வீடு மாதிரி ஆயிடும். அடுத்தது."

இப்படியே எத்தனை துணி பார்த்தோம் என்று நினைவில்லை. ஒரு துணியில் நான், "பூ பூத்து மழையில நனைஞ்ச மாதிரி இருக்கு ஆன்ட்டி. வெளிச்சம் பட்டா உள்ள வெள்ளை தெரியுது" என்றேன். அவர் கை நின்றுவிட்டது. துணியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். நிறத்துக்கும் கன்னத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை.

"இதுதான்" என்றார்.

உள்ளே வந்த இளைஞன் அலுத்துக்கொண்டான். "இன்னாமா இவ்ளோ நேரம்? எல்லாம் ஒண்ணுதாம்மா."

"ஒண்ணா? கண்ணைத் தொறந்து பாருப்பா" என்றார் ஆன்ட்டி. பூ என்ன வைப்பது என்றும் அவரே சொன்னார். பால்வெள்ளைப் பூ கூடாது, லாவண்டர் செத்துப்போகும். கொஞ்சம் மஞ்சள் ஏறிய வெள்ளை. இலைப்பச்சை அங்கங்கே எட்டிப் பார்க்க வேண்டும். வெள்ளி அதிகம் வேண்டாம், ஓரத்தில் மட்டும். அவன் எதிர்த்துப் பேசாமல் கேட்டுக்கொண்டான்.

வெளியே வந்ததும், மேடவாக்கம் சாலையில் பஸ்கள் புழுதி கிளப்பிக்கொண்டு போகும் சத்தத்தில், என் தோளைப் பிடித்துக்கொண்டார். "நல்லா இருக்குமில்ல?" என்று கேட்டார். யாரிடமும் அவர் அப்படிக் கேட்டதே இல்லை.

ரிசப்ஷன் ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய ஒரு மண்டபத்தில் நடந்தது. உள்ளே நுழைந்தவர்கள் எல்லோரும் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் நடந்தார்கள். மேடையின் பின்னால் அந்தத் துணி மடிப்பு மடிப்பாக இறங்கியது. வெளிச்சம் பட்ட இடத்தில் வெளுத்தும் மடிப்புக்குள் கருத்தும், எங்கள் ஏரியின் மேல் அந்தி சாயும்போது இருக்குமே, அப்படி இருந்தது. லாவண்டர் புடவையில் மகள் நின்றாள். அவ்வளவு அழகாக அவளை நான் பார்த்ததில்லை. பாய் வீட்டம்மா ஓடிவந்து ஆன்ட்டியின் கையைப் பிடித்துக்கொண்டார். "அக்கா, யாரும் இப்படி எடுக்க முடியாதுக்கா!"

"பின்னே?" என்றார் ஆன்ட்டி.

முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தோம். அவர் மேடையைப் பார்த்துச் சிரித்தபடி இருந்தார். சிறிது நேரம் கழித்து, உதடு அசையாமல் கேட்டார்.

"எங்க நிக்கறா? வலது பக்கமா?"

"இடது பக்கம் ஆன்ட்டி. மாப்பிள்ளைக்கு அந்தப் பக்கம்."

முகத்தைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டார். "எல்லாம் ஒண்ணா இருக்கு. துணியும் அவளும்" என்றார். பிறகு, "சிரிக்கிறாளா?" என்று கேட்டார்.

"சிரிச்சுக்கிட்டே இருக்கா."

"வாயை மூடிச் சிரிக்கிறாளா, பல்லு தெரியவா?"

"பல்லு தெரிய."

"அப்ப நிஜமாவே சந்தோஷமாத்தான் இருக்கா."

போட்டோவுக்குக் கூப்பிட்டார்கள். முழங்கால் வலி என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிக்கொண்டே என் கையைப் பிடித்துப் படியேறினார். மகளின் பக்கத்தில் போய் நின்றதும் அவள் முகத்தருகே தன் முகத்தைக் கொண்டுபோய்த் தலையைச் சாய்த்தார். "அம்மா, என்னைப் பாக்காதேம்மா, கேமராவைப் பாரு" என்று அவள் சிரித்தாள். "அம்மா, இங்க பாருங்கம்மா" என்று போட்டோகிராபர் கத்தினார். ஆன்ட்டி சத்தம் வந்த பக்கம் திரும்பிப் புன்னகை செய்தார்.

மகள் அமெரிக்கா போனாள். கம்ப்யூட்டரில் முகம் பார்த்துப் பேச ஏற்பாடு செய்து கொடுத்துவிட்டுத்தான் போனாள். ஆன்ட்டி அதன் எதிரில் உட்கார்ந்து, "நல்லா இருக்கேடி, அந்தச் சட்டை உனக்கு எடுப்பா இருக்கு" என்பார். பிரசவத்துக்கு அங்கே வரச் சொல்லி அவள் கெஞ்சினாள். பிளேனில் அவ்வளவு நேரம் உட்கார முழங்கால் இடம் கொடுக்காது என்று மறுத்துவிட்டார். அவ்வளவு தூரம் போய் அவளோடு ஒரே வீட்டில் இருந்தால் ஒரே நாளில் தெரிந்துவிடும் என்பது அவருக்குத் தெரியும். கடைசியில் அவளே கிளம்பி இங்கே வந்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குழந்தை பிறந்தது, பெண். மகள் திரும்பிப் போவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தாள். அம்மாவைப் பல ஆஸ்பத்திரிகளுக்கு அழைத்துக்கொண்டு அலைந்தாள். ஓர் அறுவை சிகிச்சையும் நடந்தது, பலனில்லை. மிச்சமிருந்த சிவப்பும் போயிற்று. பிறகு சர்க்கரை சிறுநீரகத்தைப் பிடித்தது. நாங்கள் அதற்குள் வண்டலூர் பக்கம் சொந்த வீட்டுக்குப் போய்விட்டிருந்தோம். அவர் இறந்த அன்று நான் போய்ச் சேர்ந்தபோது தெருவில் பந்தல் போட்டிருந்தார்கள். பாய் வீட்டம்மா வாசலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். மகள் என்னைக் கட்டிக்கொண்டாள். அவளுக்கும் எனக்கும் இடையே ஒருபோதும் வாய்விட்டுப் பேசாத ஒன்று இருந்தது. அது தொடங்கியது விமான நிலையத்தில்.

அவள் பிரசவத்துக்கு வந்து இறங்கிய நாள் அது. மீனம்பாக்கத்தில் காலை விமானம். அங்கிள் காரை நிறுத்த இடம் தேடிப் போயிருந்தார். கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நானும் ஆன்ட்டியும் நின்றோம். பெயர் எழுதிய அட்டைகளைப் பிடித்துக்கொண்டு நின்ற ஓட்டுநர்களுக்கு நடுவில் முண்டியடித்து முன்னால் வந்து நின்றிருந்தார். நல்ல வெயில். தள்ளுவண்டிகளோடு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள்.

அவள் வந்தாள். ஏழு மாத வயிறு, உருண்டு திரண்ட முகம், பூசினாற்போல் உடம்பு. எங்களைப் பார்த்ததும் கையைத் தூக்கினாள். ஆன்ட்டி நேராக அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். முகமெல்லாம் ஆவல். அவள் வண்டியை விட்டுவிட்டு இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினாள். ஆன்ட்டி அசையவில்லை. என்னிடம் திரும்பினார்.

"இன்னும் காணோமே. லக்கேஜ் வர லேட்டாகுதோ?"

நாலடி தூரத்தில் நின்றவளுக்கு அது கேட்டுவிட்டது. அவள் கைகள் மெல்ல இறங்கின. அம்மாவையே பார்த்தபடி நின்றாள். பின்னால் வந்தவர்கள் அவளை இடித்துக்கொண்டு போனார்கள். தடுப்பைச் சுற்றிக்கொண்டு அவள் மெதுவாக வந்தாள்.

"அம்மா."

ஆன்ட்டி திடுக்கிட்டுத் திரும்பினார். ஒரே ஒரு கணம்தான். "வந்துட்டியா! அந்தக் கூட்டத்துல உன்னை மறைச்சுட்டானுங்க" என்று கையை நீட்டித் துழாவி அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். தலையைச் சாய்த்து, இடது கண்ணின் ஓரத்தால் வெகுநேரம் அவள் முகத்தைப் பார்த்தார்.

"என்னடி இது, இப்படி இளைச்சுட்டே?"

மகள் அம்மாவின் தலைக்கு மேலாக என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் கன்னத்தில் வழிந்ததைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். குரலில் மட்டும் அது தெரியவில்லை.

"ஆமாம்மா" என்றாள். "அங்க சாப்பாடே சரியில்ல."